உள்ளே இறங்காத ஐம்பது தோட்டாக்கள்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கிய தாகம் அல்ல. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்லன் தோர்சன் தன் தோட்டா செய்யும் கருவிகளையெல்லாம் பெட்டியில் கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இனி அவருக்கு அவை வேண்டாமாம். அதற்குள் நான் அவரிடம் ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கத் துப்பில்லாதவன் என்ன செய்வான்? கதை எழுதுவான்.

முதல் வரி இப்படித் தொடங்கியது: “தெற்கு டகோட்டாவின் பனி படர்ந்த சமவெளியில் ஒரு ரிவால்வர்…” வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சமவெளியை நான் கவனித்தே பல வருஷமாகிறது.

இரண்டாவது முயற்சி: “ஆர்லனின் கை நடுங்கியது.” இதுவும் வேண்டாம். [உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே சொன்னால், குற்றவாளி கைதான் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். ஊரே அப்படித்தான் கட்டியிருக்கிறது.]

2

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஆர்லனுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்பது வருஷம் கவுண்டி சாலைகளில் மண் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். கடையில் வாங்கிய தோட்டா அவர் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, வெடிமருந்தை அளந்து கொட்டி, ஈயக்குண்டைச் செருகி, வாயை மடித்து, எல்லாம் நிலவறை மேசையில் அவரே செய்வார். வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்பார்.

மூன்று வாரத்துக்கு முன் ஐம்பது செய்தார். குளிர்காலம் முடிந்து துப்பாக்கி கிளப் திறந்த முதல் ஞாயிறு, ரிவால்வரைத் திறந்து முதல் தோட்டாவைப் போட்டார். முழுசாக இறங்கவில்லை. ஒரு நெல் உயரத்துக்கு வெளியே நின்றது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாறு போட்டுப் பார்த்தார். தோட்டா போடும் உருளை மூடவே இல்லை.

“என்ன ஆர்லன், வெண்ணெய் தடவித் தரட்டுமா?” என்று யாரோ கேட்டான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாயை அதிகம் மடித்துக் கூடு பிதுங்கிவிட்டதா? அளந்தார், இல்லை. குண்டு மேலே நிற்கிறதா? இல்லை. கூடு நீளமா? இல்லை. அளவு பார்க்கும் குழலில் போட்டால் ஐம்பதும் ‘டொக்’ என்று இறங்குகின்றன. மட்டமாக இறங்கிற்றா என்று விரலால் தடவிப் பார்ப்பதுதான் பழக்கம். அந்த விரல்தான் இப்போது நடுங்குகிறது.

கடையில் ஒரு பெட்டி வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தால், அதுவும் இறங்காமல், தப்பு தோட்டாவில் இல்லை என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பதில் அவர் உயிரை விடுவார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறையில் அவர் மனைவி லவோனும் நானும் ருபார்ப் கேக் தின்றுகொண்டிருந்தோம். நிலவறையிலிருந்து ஆர்லன் மேலே வந்தார்.

“ஒரு கேள்வி. மழுப்பாம பதில் சொல்லணும். என் துப்பாக்கில யாராச்சும் குட்டைத் தோட்டா போட்டுச் சுட்டீங்களா?”

“உன் துப்பாக்கிய யாருய்யா தொடப்போறா? பல்லு வெளக்குற பிரஷ்ஷயாவது கேட்டா குடுப்ப, அதக் குடுப்பியா?” என்றாள் லவோன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“இல்லை,” என்றேன்.*

“அப்ப சரி. அக்டோபர்ல துடைச்சு வச்ச துப்பாக்கி, அது மேல தப்பில்ல. மிச்சம் இருக்குறது நான்தான்.” ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

* இந்த ‘இல்லை’ பொய். போன இலையுதிர் காலத்தில் என் கடைப் பூட்டை உடைத்துத் திருடன் புகுந்தான். எனக்குப் பயம். ஆர்லனிடம் சுடக் கற்றுக்கொடு என்றால் முதலில் ஒரு மாதம் பாடம் நடத்துவார். அதனால் குளிர்காலம் முழுக்க, செவ்வாய்க்கிழமை காலைகளில், அவர் தானியக் கிடங்கில் கூட்டாளிகளோடு, காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டும் நேரத்தில், லவோன் அவருடைய ரிவால்வரிலேயே எனக்குக் கற்றுக்கொடுத்தாள். குட்டைத் தோட்டாவும் அதில் வெடிக்கும், உதை குறைவு. ஆனால் அந்தத் தோட்டா முடியும் இடத்தில், உருளையின் துளை அறைக்குள்ளே, கரி வளையமாகப் படியும். பிறகு ஆர்லன் செய்வது போன்ற நெட்டைத் தோட்டா போட்டால் அந்த வளையம் தடுக்கும். வெளியே துடைத்து வைத்தோம். உள்ளே துடைக்கவில்லை. பித்தளை பிரஷ்ஷால் பத்து நிமிஷம் தேய்த்தால் போய்விடும். [அடிக்குறிப்பில் போடவேண்டிய விஷயமா இது என்று கேட்பீர்கள். நேருக்கு நேர் எழுத வெட்கமாக இருந்தது.]

3

முதல் வரைவில் லவோன் வில்லி. மறுநாள் நான் உண்மையைச் சொல்லப் புறப்பட்டபோது கடைக்கே வந்து தடுத்தவள் அவள்தானே.

“நாகு, வாயத் தொறந்த, அவ்வளவுதான்.”

“மனுஷன் ஒடிஞ்சு போயிட்டாரு லவோன்.”

“ஒடியட்டும். ஒரு வருஷமா கெஞ்சுறேன், அந்த வேலைய விட்டுத்தொலைன்னு. ஒரு கூட்டுல ரெண்டு தடவ மருந்து கொட்டிட்டாருன்னு வையி, சுடும்போது அந்தக் கை என்னாகும்? நடுக்கத்துக்கு மாத்திர குடுக்குறவன் நீதான? எத்தன தடவ அளவக் கூட்டியிருக்க?”

“மூணு தடவ.”

“நான் சொல்லிக் கேக்காதவரு துப்பாக்கி சொல்லிக் கேட்டிருக்காரு. கெடுத்துடாத.” அப்புறம் இருமல் மிட்டாய் அடுக்கைப் பார்த்துக்கொண்டே அழுதாள். “எனக்கு அவரு முழுசா வேணும்ப்பா.”

இதற்குப் பிறகு அவளை வில்லியாக எழுத எனக்கு வரவில்லை.

4

மூன்றாம் வரைவில் ஒரு அருமையான வாக்கியம் இருந்தது: “நாற்பத்தேழாவது கூட்டில் இரட்டை மருந்து இருந்தது.”

அதை அடித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் என் பொய் ஓர் உயிரைக் காப்பாற்றிய பொய்யாகிவிடும். கதை நன்றாக முடியும், நானும் நன்றாகத் தூங்குவேன்.

நிஜம் இது: ஆர்லன் கேட்டுக்கொண்டபடி ஐம்பதையும் பிரித்து, உள்ளிருந்த வெடிமருந்தை என் கடைத் தராசில் நானே நிறுத்தேன். ஐம்பதிலும் ஒரே எடை. மாத்திரைப் பொடி நிறுப்பதே தொழிலாக இருக்கும் எனக்கு அப்படி வராது. நடுங்கும் கையோடு எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது, என்னை நினைத்து அசிங்கமாக இருந்தது.

போய்ச் சொன்னேன். “ஐம்பதும் சரியா இருக்கு ஆர்லன். ஒரு தூள் கூடக்குறைய இல்ல.”

என் தோளைத் தட்டினார். “நீ நல்லவன்யா நாகு. ஆனா உனக்குப் பொய் சொல்ல வராது.”

5

முடிவுகள்.

(அ) நானே வளையத்தைத் தேய்த்துவிடுகிறேன். தோட்டா இறங்குகிறது. ஆர்லன் மறுபடி நிலவறைக்கு இறங்குகிறார். லவோன் ஒவ்வொரு ஞாயிறும் வெடிச்சத்தத்தை எண்ணிக்கொண்டு…

(ஆ) வாயை மூடிக்கொள்கிறேன். கருவிகள் என் கராஜில் துருப்பிடிக்கின்றன. அவர் கை பத்திரம். அந்தக் கையை அவர் இனி எதற்கு…

(இ) எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரவல் வாங்கிய மர அறுப்பானுக்காகச் சொந்தத் தம்பியோடு பதினொரு வருஷம் பேசாதவர் அவர். [நான் தம்பிகூட இல்லை.]

எதையும் முடிக்க முடியவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கிறது.

6

வந்துவிட்டார். பெட்டிகளை இறக்கியாயிற்று. லவோன் வண்டிப் பக்கத்திலிருந்து என்னையே பார்க்கிறாள்.

“இதையும் நீயே வச்சுக்க. உன் கை நிதானமான கை,” என்று ரிவால்வரை மேசைமேல், இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில், திறந்து வைக்கிறார். பிறகு என்ன தோன்றியதோ, “கண்ணாடிய வண்டியிலயே விட்டுட்டேன். ஜன்னல் பக்கம் புடிச்சு ஒரு தடவ உள்ள பாருய்யா. ஏதாச்சும் தெரியுதா?” என்கிறார்.

பிடித்துப் பார்க்கிறேன். ஆறு அறை, ஆறு கரி வளையம். வெயிலில் பளிச்சென்று தெரிகின்றன. பித்தளை பிரஷ் மேசை இழுப்பறையில் இருக்கிறது, நேற்றே வாங்கிவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொன்னாலும் நம்புவார்.

“____________,” என்றேன்.

[அந்தக் கோட்டின்மேல் ‘இல்லை’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை நடுங்குகிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.]