லோவெல் ஹெஸ் படிக்காத வரி

லோவெல் ஹெஸ் தன் வாழ்நாளில் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை. அதை மறைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை, ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். படித்திருந்தால் இன்றைக்கு யாரிடமாவது கைகட்டி வேலை பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். சுற்றி நிற்பவர்கள் அவரிடம் கைகட்டி வேலை பார்ப்பவர்கள் என்பதால் அவர்களும் சிரித்து வைப்பார்கள். இப்பேர்ப்பட்டவரைத்தான் மழலைக் கல்வியைத் தாங்கப்போகும் தூண் என்று எங்கள் மாவட்டத்தின் வர்த்தக சபை கண்டுபிடித்தது.

அவருடைய உதவியாளர் ஜனெல். பதினோரு வருடமாக அவர் வாயிலிருந்து பொதுவில் வந்த நல்ல வார்த்தை அத்தனையும் அவள் எழுதியவை. இறந்துபோன தொழிலாளியின் மனைவிக்கு இரங்கல் கடிதம், தேவாலயத்தில் நன்றியுரை, கடைசியில் சொந்த மகளின் கல்யாணத்தில் சொன்ன வாழ்த்து வரை. அந்த வாழ்த்தை மேடையில்தான் முதன்முதலாகப் பார்த்தார், பார்த்தவுடனே அழுதும்விட்டார். முன்கூட்டிப் படித்தால் பேச்சு மனசிலிருந்து வராதாம். அவள் மனசிலிருந்து வந்தது அவர் கணக்கில் சேராது.

லோவெலின் ஆலையில் செய்வது பயண வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வண்டி. இண்டியானாவில் எங்கள் பக்கம் முழுக்க இந்தத் தொழில்தான். காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஏன் ஆறு என்று கேட்டால், மாட்டைக் கறந்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான் என்பார்கள். இப்போது ஆலையில் ஒருவரிடமும் மாடு இல்லை. ஆறு மணி மட்டும் இருக்கிறது.

ஜனெலின் தங்கை பெக்கா அங்கே அலமாரி பொருத்தும் பிரிவில் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம். நாலு வயது மகள் வில்லா, லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மிஸ் கேரல் நடத்தும் மழலைப் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளி திறப்பது ஆறரைக்கு. பெக்கா ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும் என்பதால் நடுவில் உள்ள ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு டோனா பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, பிறகு பள்ளியில் கொண்டுபோய் விடுவாள். டோனா வீட்டை விற்றுவிட்டாள். மாதக் கடைசியில் ஃப்ளோரிடா போகிறாள்.

தாமதமாக வந்தால் அரைப் புள்ளி, வராமலே போனால் ஒரு புள்ளி, எட்டுச் சேர்ந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்பது ஆலையின் சட்டம். வில்லாவுக்குக் காது வலி, காய்ச்சல் என்று போட்டுப் போட்டுப் பெக்காவின் பேரில் ஏழரை நின்றது. ஏழரை என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும். டோனா கிளம்பிய மறுநாள் காலையில் வேலை போய்விடும். போகாமலிருக்க வேண்டுமானால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, நாற்பது மைல் தள்ளியிருக்கும் அம்மா வீட்டில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்த வீட்டில் நாள் முழுக்க டி.வி. ஓடும்.

ஜனெல் போய்க் கேட்டாள். எங்கள் ஊர் ஆலைகளில் முதலாளியைப் பேர் சொல்லியே கூப்பிடலாம். அதற்கு மேல் எதையும் கேட்கத்தான் கூடாது.

"லோவெல், காலை ஷிஃப்ட்டை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா? சின்னப் புள்ளைங்க வச்சிருக்கிறவங்க நாப்பது பேருக்கு மேல இருக்காங்க."

"ஜனெல், நான் வண்டி செய்யற ஆலை நடத்தறேன், தாலாட்டுப் பாடற இடம் இல்ல. எங்கம்மா ஆறு பேரை வளத்தாங்க. எந்த ஸ்கூல் வந்து கதவைத் திறந்துச்சு?"

சொல்லி முடித்த கையோடு மேசையிலிருந்த அழைப்பிதழை எடுத்து அவளிடம் நீட்டினார். மழலைக் கல்விக்குத் தோள் கொடுக்கும் தொழிலதிபர்களின் காலை விருந்து, வியாழக்கிழமை ஏழு மணி, தலைமை உரை லோவெல் ஹெஸ். மூளை வளர்ச்சி பற்றிக் கொஞ்சம் எழுது, அம்மாவையும் போடு, கைதட்டல் வருகிற மாதிரி நடுவில் கனமாக ஏதாவது வை என்றார். சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு அதில் முரணாக எதுவும் படவில்லை. ஜனெலுக்குப் பட்டது. அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்தாள்.

விருந்து நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் நடந்தது. குழந்தைகளைப் பற்றிப் பேச எங்கள் பெரிய மனிதர்கள் தேர்ந்தெடுத்த நேரம், கையில் குழந்தை உள்ள ஒருவராலும் வர முடியாத நேரம். நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளையெல்லாம் அந்நேரம் வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் மிஸ் கேரலுக்கும் ஒரு நாற்காலி போட்டுப் பேரெழுதி வைத்திருந்தார்கள். ஏழு மணிக்கு அவள் பதினெட்டுப் பிள்ளைகளுக்குக் கோட்டைக் கழற்றிவிட்டுக்கொண்டிருப்பாள் என்பது ஏற்பாடு செய்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் லோவெல் தன் தொப்பியை வைத்தார்.

ஜனெல் கடைசி மேசையில் இருந்தாள். தட்டில் முட்டை ஆறிப்போயிற்று. அலுவலகத்திலிருந்த தன் காப்பிக் கோப்பையையும் மகன் படத்தையும் நேற்றே பைக்குள் போட்டு வைத்திருந்தாள். இந்த வேலை போனால் வீட்டுக்கான மருத்துவக் காப்பீடும் போய்விடும். இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள்.

லோவெல் மூளை வளர்ச்சியை வாசித்தார், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அம்மாவை வாசித்தார், குரல் தழுதழுத்தது. பிறகு பக்கத்தைத் திருப்பிக் கையை உயர்த்தினார்.

"ஆகவே நண்பர்களே, நான் பேசிவிட்டுப் போக வரவில்லை. வருகிற முதல் தேதியிலிருந்து எங்கள் ஆலையில் காலை வேலை ஆறு மணிக்கு அல்ல, ஏழு மணிக்குத்..."

அங்கே நின்றுவிட்டார். கண் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. உயர்த்திய கை அப்படியே இருந்தது. மண்டபம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு வங்கிக்காரர் எழுந்து தட்ட ஆரம்பித்தார். நூற்றைம்பது பேரும் எழுந்தார்கள். அந்த நூற்றைம்பதில் தன் ஆலையில் ஐந்து நிமிடத்தையாவது நகர்த்தச் சம்மதிக்கிறவர் ஒருவர் கிடையாது. அடுத்தவர் நகர்த்தினால் தட்டுவதற்கென்ன, கைதானே.

சத்தம் அடங்கியதும், போட்டி ஆலையின் மார்வின் ட்ராயர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "என்ன லோவெல், நிஜமாவா? இல்ல காப்பி ஆறுற வரைக்குமா?"

செய்தி எழுத வந்திருந்த பத்திரிகைப் பெண் பேனாவோடு நிமிர்ந்தாள். லோவெல் ட்ராயரைப் பார்த்தார். இருபது வருடமாக அந்த ஆளிடம் யார் பிடித்த மீன் பெரிது என்பதில்கூட விட்டுக்கொடுத்தவர் இல்லை.

"நான் சொன்னா செய்வேன், மார்வின். நீ சொல்லவே மாட்டே."

மறுபடியும் கைதட்டினார்கள்.

அன்று மதியம் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் அந்தத் தாள் இருந்தது. ஜனெல் பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த நடு வரி இருக்கே," என்றார்.

"இருக்கு, லோவெல்."

"அது உன் தாள்ல இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. தாள் கண்ணெதிரே கிடந்தது.

"அங்க நிக்கும்போது எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. அப்பத் தோணுனதுதான் அது. ஆளுநர் ஆபீஸ்லேர்ந்து பாராட்டி ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க." தாளை அவள் பக்கம் தள்ளினார். "இதைக் கிழிச்சுப் போட்டுரு."

இவ்வளவு வெட்கங்கெட்ட மனிதனை அவள் பார்த்ததில்லை. அதே சமயம், ஏழு மணியும் நிலைத்தது, தன் வேலையும் தப்பியது என்பதும் நிஜம். தாளை நாலாகக் கிழித்தாள்.

"ஆமா, என் தாள்ல இல்ல," என்றாள்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள், அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி, அதை எழுதிக் கொண்டுவா என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

ஜனெல் தன் இடத்துக்கு வந்து, கோப்பையைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அவருக்கு எப்படித் தோன்றியது என்று அவருக்காக யோசித்து எழுதினாள். ஆறு பிள்ளைகளின் அம்மாவை விடியலில் சமையலறையில் நிறுத்தினாள், மூத்த பிள்ளை இளையதைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகச் சேர்த்தாள். நாலாவது பத்தியின் மத்தியில் ஒரு வரியை வைத்தாள். பிள்ளைகளின் காரணமாகத் தாமதித்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இதுவரை போட்ட புள்ளிகள் அனைத்தும் முதல் தேதியோடு அழிக்கப்படும் என்று அந்த வரி சொன்னது. அதற்குப் பிறகு மீண்டும் அம்மா வந்தாள்.

சாயங்காலம் அவர் முன்னால் வைத்தபோது லோவெல் முதல் இரண்டு வரியைப் பார்த்தார், அம்மாவின் பேரைப் பார்த்தார், தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"கொஞ்சம் நீளமாத்தான் எழுதிட்டேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.