தராசின் மூன்றாவது வாட்ச்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் எழுதுகிற கை விளங்காமல் போகட்டும்.

கால்பந்து நடுவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைத் தராசு என்றே கூப்பிட்டார்கள். நடுநிலை அவருக்கு ரத்தத்தில் ஊறிய வியாதி. மூக்குக்கண்ணாடியில் ஒரு சில்லு உடைந்தபோது, மற்றதற்குச் சலுகை காட்டியதாகிவிடுமே என்று அதையும் உடைத்தார். மனைவியும் அம்மாவும் சண்டை போட்டால் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். யாராவது சலுகை கேட்டு இளித்தால் அவருக்குக் குமட்டும். பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே குமட்டும். அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த இறுதிப் போட்டி வந்து விடிந்தது. நீல அணி ஒரு மின்விசிறி கம்பெனியுடையது. அதன் கோல்கீப்பர் அவருடைய மனைவியின் தம்பி. கோப்பை வந்தால் அவனுக்கு நிரந்தர வேலை, தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. தராசு நேரே சங்கச் செயலாளரிடம் போனார்.

"சார், கோல்கீப்பர் என் மச்சான். நான் ஊதுறது முறையில்ல. வேற ஆளைப் போடுங்க."

செயலாளர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "மச்சான்தானே, பரவால்லய்யா. போன தடவை ஊதினவன் ரெண்டு டீம் முதலாளிக்கும் மாப்பிள்ளை."

குச்சி நுனியில் வந்ததை அவர் ஆற அமரப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் வைத்துக்கொண்டார். தராசு சட்டைப்பையில் பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

வீட்டில் மனைவி சொன்னாள்: "தம்பிக்குப் பாத்துப் பண்ணுங்கன்னு நான் சொல்லல. ஆனா வேலை போச்சுன்னா அவன் நம்ம ஹால்லதான் வந்து படுப்பான். அதையும் நான் சொல்லல."

போட்டியன்று நடுவர் அறையில் ஈரக் காலுறை நாற்றம். மூலையில் தாழ்ப்பாள் இல்லாத கழிவறை. எதிரணியான மஞ்சள் அணியின் மேனேஜர் உள்ளே வந்து, வேர்த்த கையால் தராசின் கையைப் பிடித்தவர் விடுவதாகவே இல்லை. விட்டபோது உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒரு புது வாட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க தலைவரே. நேரம் கரெக்டா பாக்கணுமில்ல, அதுக்குத்தான்."

"ஏற்கெனவே கைக்கு ஒண்ணா ரெண்டு கட்டியிருக்கேன்யா."

"அப்ப கால்ல கட்டிக்கிங்க."

தராசு பிளாஸ்டிக் பையை நிரப்பினார். பிறகு வாட்சைக் கழிவறைக் குழிக்குள் எறிந்து தண்ணீர் ஊற்றினார். அது வெட்கமில்லாமல் மேலே வந்து எட்டிப் பார்த்தது. மறுபடி ஊற்றினார். சோப்பு கரைந்து தீரும்வரை கை கழுவினார்.

கடைசி நிமிடம்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது மஞ்சள் அணி ஆள் ஒருவன் கோலை நோக்கி ஓடிவந்து, தன் ஷூ கயிற்றில் தானே தடுக்கி, அம்மா என்று அலறி விழுந்தான். மச்சான் அவனைத் தொடவே இல்லை. தராசின் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஆனால் விட்டுவிட்டால், மச்சானுக்குச் சாதகம் செய்தான் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? அந்த நினைப்பு முடிவதற்குள் விசில் ஊதிவிட்டது. பெனால்டி.

"மாமா, நான் தொடவே இல்ல."

"கிரவுண்டுல மாமா கிடையாது."

"சரி சார். நான் தொடவே இல்ல சார்."

கோட்டோரத்தில் மஞ்சள் அணி மேனேஜர் கண்ணடித்தார். தராசுக்குத் தன் வேர்வையே நாறியது. வாட்சுக்கு விலை போகாத மனுஷன் தன் நல்ல பேருக்கு விலை போயிருந்தார். குமட்டிக்கொண்டு வந்தது. பையிலோ இடமில்லை.

அங்கேயே சிவப்பு அட்டையை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டு களத்தைவிட்டு வெளியேறினார். கழுத்திலிருந்த விசிலும் கூடவே போய்விட்டது. பெனால்டி அடிக்கச் சொல்லவும் ஆளில்லை, ஆட்டத்தை முடிக்கவும் ஆளில்லை. பந்தைச் சுற்றிப் புல் முளைத்தது. ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே தாடி வளர்த்தார்கள். இரண்டு பேருக்கு அங்கேயே பெண் பார்த்து முடித்தார்கள். மச்சான் கையை விரித்தபடி கம்பங்களுக்கு நடுவே நிற்கிறான். இன்னும் தோற்கவில்லை என்பதால் கம்பெனியால் அவனை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

இதை எழுதும்போதே கை மரத்துப்போகிறது, அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: மச்சான் இப்போது படுத்துத் தூங்குவது தராசின் வீட்டு ஹாலில். தினமும் காலையில் அவனை எழுப்புவது, தராசின் இடது கையிலிருக்கும், கழிவறைக் குழிக்குள் போனதாகச் சொன்ன அந்த மூன்றாவது வாட்சின் அலாரம்.