வால்வெள்ளி வீரனின் செத்தவீடு

மாங்குளத்தில் லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டுகிற நிருஷன்தான் விண்வெளியில் வால்வெள்ளி வீரன். அவன் மனைவி சிவதர்சினி மாதாமாதம் வரைந்து, தங்கள் போட்டோக்கொப்பிக் கடையிலேயே விற்கிற சித்திரக்கதையின் நாயகனுக்கு அவனுடைய முகத்தைக் கொடுத்திருந்தாள். அதே மீசை, இடது புருவத்தில் அதே வெட்டு. வீரனின் விண்கலமும் லான்ட்மாஸ்டர் போலக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். விஞ்ஞான வாத்தியார் செல்வராசாவுக்கு மட்டும் ஒரு குறை. "காத்தில்லாத இடத்தில சத்தம் கேக்காது பிள்ளை. உம்மட வீரன் ஏன் இவ்வளவு கதைக்கிறார்?" என்பார். சிவதர்சினி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முகம் கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு பின்னேரம் ஓட்டோ நிற்கிற இடத்தில், "கதையெல்லாம் நான் சொல்லுறது. அவ சும்மா கீறுறவ" என்று அளந்துவிட்டான். அந்தக் கதை அவனுக்கு முன்னமே வீடு போய்ச் சேர்ந்தது.

சிவதர்சினி சண்டை பிடிக்கவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும். அந்த மாத இதழில் வால்வெள்ளி வீரன் நேரே சூரியனுக்குள் போய் விழுந்தான். கடைசிப் படத்தில் ஒரு பிடி சாம்பல்.

நிருஷனுக்கு உண்மையாகவே வலித்தது. "வீரன் அண்ணை" என்று றோட்டில் கை காட்டுகிறவர்களை இனி எப்படிப் பார்ப்பது?

"திரும்ப உயிர் குடுமன்" என்று கெஞ்சினான்.

"இஞ்சேருங்கோ, கதை சொல்லுறது நீங்கள்தானே? எப்பிடித் தப்பினவரெண்டு சொல்லுங்கோ, கீறுறன்."

பகல் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்தான். "மழை பெய்யுது" என்றான் பொழுதுபடும் நேரம்.

"சூரியனிலயோ?"

அடுத்த நாள் ஓட்டோக்காரச் சுமன் பகிடிக்கு ஒரு வேலை பார்த்தான். வீரனின் முகத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்துச் சந்தி லைட் போஸ்டில் ஒட்டிவிட்டான்.

வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த நிருஷனின் பெரியம்மா விமலேஸ்வரி யன்னலால் அதைக் கண்டார். நோட்டீஸில் நம் சனம் முதலில் பார்ப்பது முகத்தை. பெயரை வாசிக்கக் கண்ணில் தண்ணீர் விட்டால்தானே? பஸ்ஸை மறித்து இறங்கிவிட்டார். ஆள் வருமுன்னே ஒப்பாரி வீட்டு ஒழுங்கைக்குள் வந்தது.

"என்ர ராசா! கலியாணத்துக்கு வராதவளை இதுக்கோடா கூப்பிட்டனீ!"

ஒப்பாரி கேட்ட அயலார் காரணம் விசாரிக்காமலே கதிரைகளோடு வந்தார்கள். பிட்டுக் கையோடு நிருஷன் வெளியே வந்தான். பெரியம்மா ஒரு கணம் நிறுத்தி, மூச்செடுத்து, அதே ராகத்தில் ஏசத் தொடங்கினார்.

"எருமை! உயிரோட நிண்டுகொண்டு என்னை அழ விடுறியோ?"

"உள்ளுக்கு வாங்கோ பெரியம்மா."

"அழுதாச்சு. இனித் தலைக்குத் தோயாமல் வாசல் மிதிக்கமாட்டன்!"

ஆகவே தன்னுடைய சாவுத் துடக்குத் தீட்டைக் கழிக்க, நிருஷன் தானே கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டியதாயிற்று. வாளிக்கு வாளி பெரியம்மா விசாரணை நடத்தினார்.

"ஆரடா உன்னைச் சாகடிச்சது?"

"இவதான்."

"ஏன் பிள்ளை?"

சிவதர்சினி நடந்ததைச் சொன்னாள். கதிரைகளில் இருந்த சனம் முழுவதும் கேட்டது. தலையில் தண்ணீர் வழிய, பெரியம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு. கதை ஆரின்ர?"

நிருஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மை படிந்த விரல்களைப் பிசைந்தபடி நின்ற சிவதர்சினியைப் பார்த்தபோது, வெட்கத்தைவிடக் கவலை பெரிதாக இருந்தது.

"அவவின்ரதான். எல்லாம் அவவின்ரதான். என்ர எண்டு சொல்ல மூஞ்சை மட்டும்தான் கிடக்கு."

அவள் சனத்துக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.

அடுத்த இதழில் வால்வெள்ளி வீரன் உயிரோடு வந்தான். ஆனால் சிவதர்சினி இந்த முறை செல்வராசா வாத்தியாரின் சொல்லைக் கேட்டிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வீரன் வாயைத் திறக்கிறான், கையை ஆட்டுகிறான். வாய்க்குப் பக்கத்தில் வசனம் எழுதுகிற வட்டங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

"வீரன் என்ன அண்ணை சொல்லுறார்?" என்று கேட்டான் சுமன்.

நிருஷன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, கடைப்பக்கம் கையைக் காட்டினான்.

"அவவைக் கேள்."