கத்தரிப்பூ வானம்

1

இந்தக் கதை எனக்குக் குரோம்பேட்டை பக்கத்து அஸ்தினாபுரத்தில், ஒரு வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பற்றிக் கணவர் ஒன்று சொன்னார், மனைவி வேறொன்று சொன்னார். இருவரில் ஒருவரை நம்பினால் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

1988 செப்டம்பரில் ஒரு மாலை, பச்சைமலைக்கு* மேலே வானம் கத்தரிப்பூ நிறத்தில்—

(அடித்துவிட்டேன். அப்படி இருந்ததா என்பதுதான் தகராறே.)

2

கணவர் தேவானந்தத்திலிருந்து தொடங்குகிறேன். டெலிபோன் ஆபீஸில் வேலை. விடுமுறை என்றால் கேமராவோடு ஏரியும் மலையுமாக அலைவார். மனிதர்களைப் படமெடுக்க மாட்டார். "கர்த்தர் பூசின கலரைப் பாக்கவே ஆயுசு பத்தாது" என்பார். பட்டனை அழுத்துமுன் வாய் தானாக "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் அவருடைய மனைவி ஹில்டாவுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. அதன்பின் ஹில்டா ஆலயத்துக்குப் போகவில்லை. வெள்ளைப் புடவை தவிர எதையும் எடுத்து உடுத்தவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாலை அவளை மலைக்கு அழைத்துப் போனார். மேகம் மூடி எல்லாம் சாம்பலாக இருந்தது. வந்ததற்கு ஒரு படம் என்று எடுத்தார்.

(இது அவர் சொன்னது. நான் அங்கே இல்லை.)

3

பிரிண்ட் வந்தபோது வானம், ஏரி எல்லாமே கத்தரிப்பூ நிறம். தேவானந்தம் திகைத்துப்போய் ஹில்டாவிடம் நீட்டினார்.

"ஆமாங்க, இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "அதைப் பாத்தப்பதான் கர்த்தர்கிட்ட மறுபடியும் பேசலாம்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போலாமா?"

அவருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் விழுந்திருந்த அவள் வெள்ளை முந்தானையும் கத்தரிப்பூவாக இருந்ததைக் கவனித்துவிட்டார். படத்தோடு நேரே குரோம்பேட்டை ஸ்டுடியோவுக்குப் போனார்.

"இன்னா சார், வானம் இப்டியா இருக்கும்?" என்று சிரித்தார் ஸ்டுடியோ சாம்பசிவன். "ஃபிலிமு டேட் முடிஞ்சி கீது. அதான் கலர் பூடுச்சி. வுடுங்க, கரெக்ட் பண்ணிக் குடுக்கறேன்."

சரிசெய்த படத்தில் புடவை வெள்ளை. வானம் சாம்பல்.

4

(இந்த இடத்தில் அவர் அதைக் கிழித்துப் போட்டதாக ஒரு முறை எழுதினேன். நல்லவராகத் தெரிந்தார், ஆனால் தேவானந்தமாகத் தெரியவில்லை.)

ஞாயிறு காலை. ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக மஞ்சள் புடவை கட்டி ஹில்டா தயாராக நின்றாள். மனசு கேட்காமல் அவர் இரண்டு படங்களையும் நீட்டினார்.

"ஃபிலிம் பழசாம், ஹில்டா. புடவையும் கூட கலர் மாறியிருந்துச்சு பாரு."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அந்த வெளிச்சத்துல வெள்ளைக்கும் அந்தக் கலர்தானே ஏறும்?" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க கேமரா வழியாத்தானே பாத்தீங்க" என்றாள்.

வருஷக்கணக்காக ஸ்தோத்திரம் சொன்னவருக்குக் கர்த்தர் காட்டாததை, ஐந்து மாதம் முகம் திருப்பியிருந்தவளுக்கு ஏன் காட்ட வேண்டும்? காட்டவே இல்லையென்றால், அவள் இப்போது யாரைக் கும்பிடப் போகிறாள்?

(இந்தக் கேள்விகளை அவர் இப்படியே கேட்கவில்லை. "ஒண்ணும் புரியல சார்" என்று மட்டும் சொன்னார். மிச்சம் என் கைச்சரக்கு.)

5

ஆலயத்துக்கு இருவரும் போனார்கள். ஹில்டா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். தேவானந்தத்துக்கு வாசப்படியில் கால் நின்றுவிட்டது.

"உள்ள போனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஆராதனை முடியறவரைக்கும் வேப்பமரத்தடியிலதான் நின்னேன்."

"பொய்" என்றார் ஹில்டா. "பாட்டுல இவர் குரல் எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.

* பெயரில்தான் பச்சை. கோடையில் அது காவி.