நாலாவது தாள்

தம்பியின் இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, ரேசரைக் கிண்ணத்து நீரில் அலசிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பெரியவர் எழவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுவது எழுபத்து நாலு வயதில் அவர் ஒரு நாளும் செய்யாத காரியம். மணி மறுபடி அடித்தது. எழுந்து போக வேறு ஆள் இல்லை. தம்பி மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். தம்பி மனைவி இரண்டு இரவு கண் விழித்த களைப்பில் பக்கத்து அறையில் சுருண்டு கிடந்தாள்.

இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி நாலு நாளாகிவிட்டது. நுரையீரலில் நீர். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவர் மட்டும் அன்று காலை குளித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, சொந்த ரேசருடன் வந்து சேர்ந்தார். நாலு பேர் வந்து பார்க்கப்போகிற முகம், நம் வீட்டு ஆம்பளை தாடியும் மீசையுமாகக் கிடந்தான் என்று ஒருத்தன் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

தம்பி கண்ணைத் திறக்காமலே அதற்குப் பதில் சொன்னான். பேச்சு மூச்சுக்கு மூச்சு அறுந்து வந்தது.

"வர்றவன் என் மூஞ்சியையா பாக்கப் போறான்? கூரையைப் பாப்பாண்ணா. தட்டு வந்து தூக்கிட்டுப் போகுதான்னு."

இந்த நிலையிலும் அவனுக்கு நக்கல் போகவில்லை. பெரியவர் சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவருக்கு ஆகாது. முப்பத்து மூன்று வருடமாக இந்த வீட்டைத் தெருவே தட்டு வீடு என்றுதான் அடையாளம் சொல்லிற்று. முனைக் கடைக்காரன் போகும்போதும் வரும்போதும், இன்றைக்கு எத்தனை பறக்கும் தட்டு இறங்கிற்று என்று கேட்பான். தம்பி கோபப்பட்டதே இல்லை. இறங்கினால் உன் கடையில்தான் முதலில் காட்டுவேன், நீ பேரம் பேசியே திருப்பி அனுப்பிவிடுவாய் என்பான். பெரியவரோ அந்தக் கடைக்கு எதிரே போவதை விட்டு, அரை மைல் சுற்றிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

பெரியவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசலில் தபால்காரர் நின்றிருந்தார். கையில் அரசு முத்திரை போட்ட பழுப்பு உறை.

"சார்தானே கையெழுத்துப் போடணும்? முடியுமா அவரால?"

"நான் அண்ணன். கொடுங்க."

தபால்காரர் உறையைக் கொடுக்குமுன் கையில் வைத்து எடை பார்த்தார். "எப்பவும் ஒத்தைத் தாள்தான் சார் வரும். தொட்டாலே தெரிஞ்சிடும், இல்லைன்னு எழுதியிருக்கான்னு. இது கனமா இருக்கு. அவர்கிட்டச் சொல்லுங்க."

பெரியவர் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கையெழுத்தின் அழகைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் யாராவது ஒரு நிமிடம் நின்று போவார்கள்.

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. உறையைத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் கூடத்தில் நின்றபடியே உடைத்தார். குடும்பத்துக்கு வரும் கெட்ட செய்தி முதலில் தன் கண்ணில் பட்டு, பிறகுதான் மற்றவர்களுக்குப் போக வேண்டும் என்பது அப்பா போனதிலிருந்து அவர் வைத்திருந்த சட்டம்.

தம்பி வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன். விமான நிலையத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஒற்றை அறை. விடியுமுன் ஒரு வெள்ளைப் பலூனை வானத்தில் விட்டு, முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியில் கண்ணைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு முறை அது எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் போகிறது என்று கோணம் குறிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதிலிருந்து கணக்குப் போடுவார்கள். பலூன் கண்ணை விட்டு மறைந்தால், கடைசி வரியில் காரணம் எழுதியாக வேண்டும். மேகம், தூரம், வெடித்தது, இப்படி ஏதாவது ஒன்று. காரணம் எழுதாமல் பக்கத்தை மூடக் கூடாது என்பது அங்கே விதி.

ஒரு விடியற்காலை பலூனுக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. பலூன் காற்றோடு கிழக்கே போயிற்று. மற்றது போகவில்லை. காற்றுக்கு எதிராக, ஆணி அடித்த மாதிரி நின்றது. தம்பி பலூனை விட்டுவிட்டு அதைக் குறித்தான். பதினொரு நிமிடம், பதினொரு வரி. கடைசியில் எழுதினான்: ‘காரணம்: பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனது.’

மூன்றாம் நாள் இரண்டு வண்டியில் ஆட்கள் வந்து புத்தகத்தை எடுத்துப்போனார்கள். நீ பார்த்தது வெள்ளி கிரகம், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு என்றார்கள். வெள்ளி எங்கே இருக்கும் என்று பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டான். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அப்போது மகளுக்கு இரண்டு வயது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் திடீரென்று கூப்பிட்டு, சாமான் கிடங்கில் உடைந்த வெப்பமானிகளை எண்ணும் வேலையில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை தொலைநோக்கியின் பக்கம் அவனை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவனுக்குச் சொன்னவர் யாருமில்லை.

அதிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தான். என் பக்கத்தின் நகலைக் கொடுங்கள். பதினொரு தடவை கேட்டான், பதினொரு தடவையும் அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வந்தது. மூடி மறைக்கிறார்கள் என்று சாப்பிடும்போது சொல்வான், கல்யாண வீட்டில் சொல்வான், துக்க வீட்டிலும் சொல்வான். போன வருடம் எங்கெங்கோ விமானிகள் எடுத்த படங்கள் செய்தியில் வந்தன. பழைய கோப்புகளைத் திறக்கப்போகிறோம் என்று அரசாங்கமே அறிவித்தது. தம்பி ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து பன்னிரண்டாவது மனுவை எழுதினான்.

பெரியவர் தாள்களைப் பிரித்தார். முதல் தாள், வழக்கமான கடிதம். இரண்டாவது, தம்பியின் பக்கம். பதினொரு வரியும் இருந்தன. இளமையில் அவன் எழுத்து நேராக இருந்திருக்கிறது. மூன்றாவது, விசாரணைக் குறிப்பு. அதே நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த ஒரு விமானியும் அதையே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார், இருவர் சொன்ன கோணமும் ஒத்துப்போகிறது என்று இருந்தது. கீழே ஒரு வரி: ‘ஆனால் இந்தப் பார்வையாளரின் மனநிலை குறித்து அவர் குடும்பத்தாரே எழுதிக் கொடுத்திருப்பதால் மேல் நடவடிக்கை தேவையில்லை.’

நாலாவது தாளை அவர் படிக்க வேண்டியிருக்கவில்லை. தன் கையெழுத்து தூரத்திலேயே தெரிந்தது. வரி கோணாமல், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், வெட்கமே இல்லாமல் அழகாக இருந்தது. தலைப்பில் ‘அந்தரங்கம்’ என்று எழுதி இரண்டு கோடு. என் தம்பி சில காலமாகத் தூக்கமின்றி, இல்லாததை இருப்பதாகச் சொல்லி வருகிறான், வைத்தியம் பார்க்கிறோம், கருணை கூர்ந்து வேலையை மட்டும் பறிக்க வேண்டாம்.

அரசாங்கம் எதையும் வெளியே விடாது என்று தம்பி ஆயுசு முழுக்கப் புலம்பினான். பெரியவர் அதை நம்பித்தான் முப்பத்து மூன்று வருடம் தூங்கினார்.

"அண்ணா. தபாலா?"

அறைக்குள் போய்ப் பழையபடி முக்காலியில் உட்கார்ந்தார். ஆமாம் என்றார். இரண்டாவது தாளை எடுத்து முதலில் வாசித்தார். நேரம், கோணம், நேரம், கோணம். தம்பியின் உதடும் கூடவே அசைந்தது. ஏழாவது வரிக்கு வரும்போது எண் அவர் வாயிலிருந்து வருமுன் அவன் சொல்லிவிட்டான். பதினொன்றும் மனப்பாடம். பிறகு விமானியைப் பற்றி வாசித்தார். தம்பியின் கண்ணோரத்தில் கொஞ்சம் ஈரம் திரண்டு, சோப்பு நுரையில் போய்ச் சேர்ந்தது. பெரியவர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

தம்பி காத்திருந்தான். மூச்சு சீழ்க்கை போல இழுத்தது.

"ஆனால் எங்க?"

"என்னது?"

"பதினொரு லெட்டர் பாத்திருக்கேண்ணா. கையெழுத்துக்கு மேல ஒரு 'ஆனால்' இருக்கும். அது இல்லாம அவங்களுக்கு எழுத வராது."

"இதுல இல்ல."

தம்பி கண்ணைத் திறந்தான். காலையிலிருந்து அப்போதுதான் திறந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஒன்றைக் குறித்துக்கொள்ளப் போகிறவன் மாதிரி, இமைக்காமல் பார்த்தான்.

"எத்தனை தாள்?"

"மூணு."

"நாலு தடவை தாள் பிரிக்கிற சத்தம் கேட்டுது," என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். "சரி விடு. நுரை காயுது. மூஞ்சியை முடிச்சு விடு."

தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பெரியவர் எழுந்தார். ஃபிளாஸ்க்கிலிருந்த வெந்நீர் சன்னல் திட்டில் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க அந்த இடம் வசதியாக இருந்தது. கிண்ணத்தில் நீரை ஊற்றினார். பிரஷ்ஷை நனைத்தார். பேசத் தொடங்கியது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அன்னிக்கு உன்னை வேலையிலேருந்து நிறுத்தி வச்சப்ப உன் வீட்டுல அடுப்பு எரியல. நீ அதைப் பாக்கல, நீ வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தே. உன் பொண்டாட்டி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. ஒரு வார்த்தை கேக்கல. குழந்தையைத் தூக்கிக்கிட்டுச் சும்மா நின்னா." வெளியே கம்பியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. "உன் ஆபீஸ்ல ஒரு பெரிய ஆளைப் போய்ப் பாத்தேன். வழி ஒண்ணு இருக்கு, ஆனா குடும்பத்துல யாராவது எழுதித் தரணும்னான். எழுதினேன். நல்லாவே எழுதினேன். உனக்குச் சித்தம் சரியில்லைன்னு எழுதினேன்டா."

பின்னால் ஆக்சிஜன் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"நாலாவது தாள் அதுதான். நீ பாத்தேன்னு சொன்னப்ப நான் நம்பாம இருந்தேன்னு நினைக்கிறியா? நம்பினேன். உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு சின்ன வயசுலேயே எனக்குத் தெரியும். நம்பிக்கிட்டேதான் எழுதினேன். வேற என்ன செய்யச் சொல்றே?"

பதில் வராது என்று நினைத்தார். ஒரு வசவாவது வரும் என்றும் நினைத்தார். ஊர் வாயை மூட முடியாது, இவன் வாயை மூடிவிட்டேன் என்று ஒரு வரி மனதில் வந்தது. அதைச் சொல்லத்தான் திரும்பினார்.

தம்பியின் நெஞ்சு அசையவில்லை. கருவி மட்டும் யாருக்கோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இடது கன்னம் மழமழவென்று இருந்தது, வலது கன்னத்தில் வெள்ளை நுரை.

பெரியவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிரஷ்ஷைக் கீழே வைக்கத் தோன்றாமல், அந்தக் கையோடே தோளைத் தொட்டார். பிறகு பக்கத்து அறைக் கதவைத் தட்டினார். தம்பி மனைவி வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டு, முதலில் கருவியை நிறுத்தினாள். வீட்டில் விழுந்த அந்த நிசப்தத்துக்கு அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டர் அடுத்த தெரு. நடந்தே வந்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பேனாவை எடுத்து, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பெரியவர் கூடத்துக் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். பதிவாளர் அலுவலகத்தில் நேரம் விட்டுப்போன விண்ணப்பத்தை அவர் ஒரு நாளும் வாங்கிக்கொண்டதில்லை.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன். பாக்கல." பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "பேசிக்கிட்டிருந்தேன்," என்றார்.

"பேசிக்கிட்டிருக்கும்போதா? கேட்டுக்கிட்டே போயிருக்கார்னா நல்ல சாவு சார்," என்று டாக்டர் ஆறுதலாகச் சொல்லி, தோராயமாகப் பதினொன்று இருபத்தைந்து என்று எழுதினார். பெரியவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்றாள் என்ற இடத்தில் போயிருக்கலாம், பெரிய ஆளைப் பற்றிச் சொன்ன இடத்தில் போயிருக்கலாம், நம்பினேன் என்ற சொல்லுக்கு முன்னாலும் போயிருக்கலாம், பின்னாலும் போயிருக்கலாம். எந்த வரி வரைக்கும் அவன் கேட்டான் என்று எழுதி வைக்க ஆள் இல்லை.

தம்பி மகள் மருந்துப் பையோடு வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ஆட்கள் வரத் தொடங்குவார்கள், அவர்கள் வருமுன் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், முக்காலிக்கு அடியில் கிழிந்து கிடந்த பழுப்பு உறையைப் பார்த்தாள்.

"பெரியப்பா, தபால்காரர் வழியில சொன்னார். கனமா வந்திருக்காமே. அப்பா பாத்தாரா?"

"வாசிச்சுக் காட்டினேன்."

"முழுசா கேட்டாரா?"

தாள்கள் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தன. மூன்று ஒரு பக்கமும், ஒன்று தனியாகவும் இருந்தன. எப்போது அப்படிப் பிரித்து வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. தனியாக இருந்ததை எடுக்காமல் விட்டால் போதும். கிடங்கு கிடங்காகக் காகிதம் காப்பாற்றிய கைக்கு ஒரு தாளை ஒளிப்பது பெரிதில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண் அப்படியே தம்பியின் கண், இமைக்காது.

நாலையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தார்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். வலது கன்னத்து நுரை காய்ந்து வெடித்திருந்தது. பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, புதிதாக நுரை கூட்டி, மெதுவாகப் பூசினார். தோல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. இடது கைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, காதோரத்திலிருந்து ரேசரைக் கீழே இறக்கினார்.

பின்னால், சன்னல் பக்கத்தில், ஒரு தாள் திரும்பியது. ரேசரை அலசினார். இரண்டாவது உடனே திரும்பவில்லை. அதில் அவள் வெகு நேரம் நின்றாள், பதினொரு வரியையும் படித்திருப்பாள். மீசைக்கு மேலே மழித்தார், உதட்டோரம் மழித்தார். மூன்றாவது தாள் திரும்பியது.

மோவாய் மட்டும் பாக்கி இருந்தது. பெரியவர் ரேசரைக் கிண்ணத்தில் விட்டு அலசினார். ரேசரில் நுரை போனபின்னும் அலசிக்கொண்டிருந்தார்.