சிவப்பு விளக்கை அணைத்தவர்

சோபாக் கடை மாப்பிள்ளை என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கடைக்காரரின் மூத்த மகளைக் கட்டியவர். பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவரே விட்டுவிட்டதாகச் சொல்வார்; வேலை கொடுத்தவரைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். எப்படியோ, மாமனார் கடைக்கு வந்து பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பராமரிப்பு என்றால் என்ன என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரும் போய் வேறு யாரையாவது கேட்டிருப்பார்.

கல்லாவில் இருந்த சின்ன மகளுக்கு அவர் அத்தான். கொள்முதல், விற்பனை, வங்கி எல்லாம் அவள் தலையில்தான். ஆனால் வாசலில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று அவர் இழுக்கிற இழுப்பில், ஏதோ கப்பல் கரைக்கு வருகிறது என்று நினைக்கத் தோன்றும்.

அந்தக் கப்பல் வந்த முதல் வாரமே செய்த காரியம், ஏசி மெக்கானிக்கை நிறுத்தியது.

"மாசாமாசம் வந்து ஃபில்டரைக் கழட்டித் தட்டிட்டுப் போறதுக்கு ஒரு ஆளா? மாடியில இருக்கிற மெஷின்ல டிஸ்ப்ளே இருக்கு மாமா. எல்லாம் அதுலயே பண்ணலாம். இந்தக் காலத்துல ஸ்பேனரைத் தூக்கிட்டு அலையறவன் மடையன்."

அப்பா பூரித்துப்போனார். ஆடத் தெரியாதவர்கள் கூடம் கோணல் என்பார்கள். அத்தான் அந்த ரகம்கூட இல்லை. ஆடத் தெரியாமலே சலங்கை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் நிற்கிற ரகம்.

மொட்டை மாடியில், ஒரு வேன் அளவுக்கு நின்றது அந்த ஏசி. கடை முழுவதற்கும் அது ஒன்றுதான் குளிர் கொடுத்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, பக்கத்தில் மேல் அம்பு, கீழ் அம்பு, எண்டர், ஒரு சிவப்பு விளக்கு. அத்தான் தினமும் மதியம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே போவார். கறுப்புக் கண்ணாடியோடு வெயிலில் திரை எப்படித் தெரியும் என்ற சந்தேகம் சின்னவளுக்கு. ஒருநாள், "நீயும் போய்க் கத்துக்கம்மா" என்று அப்பாவே அனுப்பிவைத்தபோது அதற்கு விடை கிடைத்தது. தெரியவே இல்லை. அவர் விரலுக்குத்தான் வழி பழகியிருந்தது.

சிவப்பு விளக்கு மினுக்மினுக் என்று எரிந்துகொண்டிருந்தது. அத்தான் எண்டரைத் தட்டினார். கீழ் அம்பு, கீழ் அம்பு, மறுபடி எண்டர். அலாரம் என்று ஒரு பக்கம் வந்தது. அவள் கையால் நிழல் கட்டி எட்டிப் பார்ப்பதற்குள் ரீசெட் கொடுத்துவிட்டார். விளக்கு அணைந்தது.

"பாத்தியா? முடிஞ்சுது. இதுக்குத்தான் அந்த மெக்கானிக் ஒரு மணி நேரம் முக்குவான்."

"ஏதோ ஃபில்டர்னு போட்டிருந்துச்சே அத்தான்?"

"போடும், போடும். மெஷின்னா கொஞ்சம் புலம்பத்தான் செய்யும். உங்க அக்கா மாதிரி. அதுக்கெல்லாம் காது குடுத்தா நம்ம பொழைப்பு என்ன ஆகறது?"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இவர் அதற்கும் மேலே. விளக்கை அணைத்தால் வியாதி தீர்ந்துவிடும் என்று நினைத்தார். கீழே கடையில் குளிர் குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. திரையில் இருபத்து நாலில் இருந்த எண்ணைப் பதினாறுக்கு இறக்கினார். "குறைச்சு வெச்சா வேகமாக் குளிரும்" என்றார். வேகமாக எதுவும் குளிரவில்லை. அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை கை வெச்சதிலேர்ந்து நல்லா ஜில்லுன்னு இருக்கு, இல்ல?" என்று வந்தவர்களிடம் கேட்பார். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு விலைச்சீட்டால் விசிறிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை. நல்ல கூட்டம். புதுக் குடித்தனம் போகிற ஒரு கணவனும் மனைவியும் கடையிலேயே விலை கூடிய வெள்ளை சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி குதித்துப் பார்த்தாள், கணவன் சாய்ந்து பார்த்தான். வாங்கிவிடலாம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட நேரத்தில் அவன் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது மூக்கில். அவன் அண்ணாந்தான். மேலே கூரையில் குளிர் காற்று வரும் திறப்பிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒரு குடம் கவிழ்ந்தாற்போல் கொட்டியது.

அவள் "ஐயோ" என்று கத்தினாள். சோபா போனது, அவள் புடவை போனது, இரண்டு பேரும் போனார்கள்.

"மழை" என்றார் அத்தான்.

வாசல் வழியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "உள்ளூர மழை பேஞ்சிருக்கும் மாப்பிள்ளை" என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஒண்ணுமில்ல மாமா. ஒரு ரீசெட் குடுத்தா நின்னுடும்" என்று அத்தான் படியேறினார். சின்னவள் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

அவர் விரல் எண்டருக்குப் போவதற்குள் அவள் நடுவில் புகுந்து திரையை மறைத்துக்கொண்டாள்.

"தள்ளு."

"மாட்டேன். முதல்ல படிக்கிறேன்."

படிக்க அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஃபில்டர் அழுக்கு என்று ஒரு வரி. அழுத்தம் குறைவு என்று இன்னொரு வரி. அதற்குக் கீழே, மெஷின் ஓட்டத்தை நிறுத்தித் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று மூன்றாவது வரி. சின்னக் கதவின் உட்புறம், காரணம் தெரியாமல் ரீசெட் செய்யக்கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் அந்தத் தாள் அவர் மூக்குக்கு நேரேதான் இருந்தது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "ஓட விடாதீங்கம்மா, உள்ள பனி கட்டியிருக்கும், கரையட்டும். ஃபில்டரை மட்டும் உருவிப் பாருங்க" என்றார் அவர்.

உருவினாள். ஃபில்டரா அது? சோபாப் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் தடிப்பாகப் படிந்திருந்தது. இதன் வழியாகத்தான் அந்த மெஷின் மூச்சு விடப் பார்த்திருக்கிறது. முடியாமல் உறைந்துபோய், தினமும் விளக்கைக் காட்டி அழுதிருக்கிறது. உள்ளே வெள்ளை வெளேரென்று பனிப்பாறை. உருகிய தண்ணீர் வடியும் தட்டு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் மட்டமான சரக்கைக் குடுத்துட்டான்" என்றார் அத்தான், கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி.

சாயங்காலம் மெக்கானிக் புது ஃபில்டரோடு வந்து மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடை சில்லென்று ஆனது. அத்தான் அதற்குள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் குடோனில் ஒதுங்கிவிட்டார். அப்பா மட்டும் வெள்ளை சோபாவின் முன்னால் நின்று, "மாப்பிள்ளை மேல தப்பு சொல்ல முடியாது. மெஷின் அப்படி" என்று பாடிக்கொண்டிருந்தார்.

கணவரைக் கூட்டிப்போக வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள். கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா, போதும். அவருக்கு சிவப்பு லைட்டைக் கண்டாலே ஆகாது. கார்ல ஆயில் லைட் எரிஞ்சப்ப அதும்மேல பூ ஸ்டிக்கர் ஒட்டினாரு. எஞ்சின் வெந்துபோச்சு. வித்துட்டோம்னு உங்ககிட்ட சொன்னது அந்தக் காரைத்தான்."

"என்னம்மா இது, நம்ம மாப்பிள்ளைய..."

"நம்ம மாப்பிள்ளைதான்பா. அதான் சொல்றேன். வீட்ல அடுப்புப் பக்கம் அவர் வர்றதே இல்ல; மத்த எல்லாத்துக்கும் அவர் கைக்கு எட்டாத எடமாப் பாத்து சுவிட்ச் வெச்சிருக்கேன். நீங்க எழுந்து நின்னு கும்பிடறதைப் பாத்து எனக்கே சில நாள் சந்தேகம் வந்துடுது, இவருக்கு ஏதாவது தெரியுமோன்னு."

சின்னவள் சிரிப்பை அடக்கக் குனிந்து, காலில் இல்லாத தூசியைத் தட்டினாள். இவ்வளவு நாளும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாழ்கிறாள் என்று அவள் மனதுக்குள் பரிதாபப்பட்டிருக்கிறாள். அந்தப் பரிதாபத்தை இப்போது எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையை வெளியே போ என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு வராது. மறுநாள் மாடிச் சாவியை சின்ன மகள் கையில் கொடுத்தார். மாப்பிள்ளையிடம், "நீங்க இனிமே கீழ, வர்றவங்களைப் பாத்துக்குங்க" என்றார். அதைப் பதவி உயர்வு என்று அத்தான் எடுத்துக்கொண்டார். முதல் நாளே, கால் நீட்டிச் சாய்கிற சோபாவில் சாய்ந்தவர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

எழுப்பலாம் என்று சின்னவள் போனபோது ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று அவரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தூக்கம் வந்து வருஷமாச்சும்மா. இவர் என்னமாத் தூங்கறார்! இதே சோபா வேணும்."

அந்த மாதம் அந்த ரகம்தான் அதிகம் போனது. "நான் அப்பவே சொல்லலை? மாப்பிள்ளை கைராசி" என்று அப்பா மறுபடி எழுந்து நிற்க ஆரம்பித்தார். ரசீது போட்டுப் போட்டு விரல் வலித்த சின்னவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் யார் வந்து கேட்டாலும், "மெதுவாப் பேசுங்க, டெமோ நடக்குது" என்றுதான் சொன்னாள்.