நெய் சேர்க்காதது

சோமனூருக்கு வெளியே இருந்த நூல் மில்லில், 1996 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சமையல் போட்டி. சைவம் மட்டும் என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருந்தது. நூல் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த ரூபன் கடைசி ஆளாகப் பெயர் கொடுத்தான். மனைவி மெர்சி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவனாக முன்வந்து செய்த முதல் காரியம் இதுதான்.

அரிசி பருப்புச் சோறு. மெர்சி செய்கிற மாதிரியே. கடலை எண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, துவரம்பருப்பும் அரிசியும் போட்டு, இறக்கும்போது தேங்காய்த் துருவல். நெய் கிடையாது.

மெர்சியின் அம்மா ஒரு தோட்டத்தில் மாட்டுக்கொட்டகை சுத்தம் செய்தவள். சாணி அள்ளி முடித்ததும் கையைக் குவிக்கச் சொல்லித் தோட்டத்துக்காரர்கள் மேலேயிருந்து மோர் ஊற்றுவார்கள். செம்பு கையில் பட்டுவிடக் கூடாதாம். கூடப் போகும் மெர்சிக்கும் அப்படியே. ஒன்பது வயதில் ஒருநாள் கையைக் குவிக்க மாட்டேன் என்று நின்றாள். அதோடு பால், தயிர், நெய் எதுவும் அவள் வாய்க்குள் போகவில்லை.

“என்ர சோத்த ஒருநாளைக்கு ஊரே சாப்பிடோணும்” என்பாள். அந்த நாள் வரவில்லை.

சோற்றுப் போசியில் ரூபன் ஒரு சீட்டு ஒட்டினான்: ‘நெய், பால், தயிர் சேர்க்காதது.’

“என்னடா இது, மருந்து பாட்டில் மாதிரி?” என்றான் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் சிக்கந்தர். “எனக்கு மொதல்ல ஒரு கை போடு. விஷமான்னு பாத்துச் சொல்றேன்.”

“நடுவர் சாப்பிட்டப்பறம்.”

நடுவர் கேண்டீன் பொறுப்பாளர் ஈஸ்வரமூர்த்தி. மெர்சியின் அடக்கத்துக்கு வேன் பிடித்துக் கொடுத்தவர். சீட்டைப் படித்ததும் அவர் முகம் இளகியது.

“ஏனுங்க ரூபன், ஊட்ல நெய் இல்லீன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? இதைய எழுதி ஒட்டோணுங்களா? நெய் உடாம அரிசி பருப்பு எப்படிங்க எறங்கும்?”

“இல்லீங்க, அது வந்து...”

“நீங்க சும்மா இருங்க.”

கேண்டீன் தூக்குப்போசியைத் திறந்து, உருக்கிய நெய்யை மேலேயிருந்து ஊற்றினார். சுற்றி நின்றவர்கள் வாசனைக்குத் தலையாட்டினார்கள். நூலைக் கோனில் சுற்றும் பிரிவு ராசம்மாள், “இப்பத்தான் கண்ணு சோறு மாதிரி இருக்குது” என்றாள்.

ரூபன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். நெய் தரையில் சிந்தியது.

“எழுதியிருக்குதுல்லீங்க? படிச்சீங்கல்ல?” அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “இல்லாம இல்லீங்க. வேண்டாம்னு வெச்சது. என்ர சம்சாரம் வேண்டாம்னு வெச்சது. கையக் குவிச்சு நில்லு, மேல இருந்து ஊத்தறேன்னாங்களே, அவங்க பண்டமே வேண்டாம்னு வெச்சது!”

ஈஸ்வரமூர்த்தி திகைத்துப் போனார். “நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன்.”

“பசியாறட்டும்னுதானுங்க அவங்களும் மோர் ஊத்துனாங்க.”

“நல்ல நாளும் அதுவுமா செத்தவங்க பேச்செதுக்கு” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

ரூபன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. ஏழு மாதமாக அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

“என்ர பேர அடிச்சுப்போடுங்க.”

போசியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக வைத்தான். கொட்டிவிடத்தான் வந்தான். சிக்கந்தர் ஒரு தட்டோடு பின்னாலேயே வந்து குந்தினான்.

“ஒரு பக்கந்தாண்டா நெய். இந்தப் பக்கம் தோண்டு.”

ரூபன் கரண்டியை அடிவரை இறக்கினான். காந்தல் பிடித்த சோறு உலர்ந்து வந்தது. சிக்கந்தர் ஒரு வாய் மென்றான்.

“காரம் பத்தல.”

“அவ அப்படித்தான் வெப்பா.”

சிக்கந்தர் தட்டை மறுபடி நீட்டினான். அவனுக்குப் பின்னால் ராசம்மாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெறும் தட்டோடு நின்றாள்.

“எனக்கும் அடியில இருந்தே போடு கண்ணு.”

ரூபன் அவளை முறைத்தான். கோபம் ஒரு துளி குறையவில்லை. போட்டான்.